அப்பா ஏணியிலிருந்து விழவில்லை

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிப் பிறகு அடித்துவிட்டேன். மூன்று வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டு அந்த வார்த்தையைப் போட்டால் நீ சிரிப்பாய். வேண்டுமானால் நீயே முன்னால் சேர்த்துக்கொள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் அப்பா எப்படி இறந்தார் என்று யாராவது உனக்குப் போன் செய்து கேட்டால், ஏணியிலிருந்து விழுந்து இறந்தார் என்று சொல்லிவிடு. அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். உனக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

டெர்ம் பாலிசி எடுக்கப் பார்க்கிறேன். நான் போனால் வீட்டுக்குப் பணம் வரும், இருந்தால் ஒன்றும் வராது, அந்த வகை. ஏன் இப்போது என்றால், எங்கள் லிஃப்ட் கம்பெனியில் வருஷா வருஷம் எங்கள் உடம்பைப் பார்ப்பார்கள். இந்த முறை என் கொலஸ்ட்ரால் எண்ணைப் பார்த்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “உங்க அப்பா இருக்காரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “எந்த வயசுல போனார்?” என்றார். சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த பிறந்தநாள் வந்தால் எனக்கு அப்பாவின் வயது. உனக்குத் தெரியாததா?

நாங்கள் இருப்பதும் கம்பெனிக் குவார்ட்டர்ஸ்தான். வேலை இருக்கிறவரை வீடு. லிஃப்ட் மெக்கானிக் செத்துப்போனால் அடுத்த லிஃப்ட் மெக்கானிக்குக் குடியிருக்க இடம் வேண்டுமே. அப்பா போனபோது நாம் இருந்ததும் கம்பெனி வீடுதானே, அழுகை அடங்குவதற்குள் ஆள் வந்து சாவி கேட்டான். நான் பொடியன்தான். ஆனாலும் நடைபாதையில் நம் கட்டிலை நிமிர்த்திச் சாய்த்திருந்ததும், அம்மா அதன்மேல் ஈரத்துணி போட்டிருந்ததும் கண்ணிலேயே நிற்கிறது. துணி காயவேண்டுமாம், தெருவில். என் வாண்டு அப்படியொரு கட்டிலைப் பார்க்கக் கூடாது. அவளுக்கு ஒன்பது வயது ஆகிறது. அவள் அம்மாவுக்கு வெளியே வேலை கிடையாது. என் பக்கம் சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லை.

அன்றைக்கு என் பிறந்தநாள் கேக் வெட்டும் நேரத்தில், அத்தனை பேர் நடுவில், “எங்கப்பா நெஞ்சடைச்சுப் போன வயசு இவனுக்குக் கிட்ட வருது, கிரீமைக் குறைச்சுப் போடு” என்று நீ என் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டாம். “மாமா கீழ விழுந்துதானே...?” என்று அவள் கேட்ட முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நானும் உன்னை இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லியிருக்க வேண்டாம். இரண்டையும் இப்போது கிளற வேண்டாம்.

போன் செய்யாதே. என் போன் வீட்டில் எல்லார் கையிலும் புழங்குவது. பாலிசித் தாளில் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதியிருக்கிறேன் என்று இவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். தவிர, போனில் நீயும் நானும் மூன்றாவது வாக்கியத்திலேயே அடித்துக்கொள்வோம். பணிமனை விலாசத்துக்கு எழுது.

தம்பி


பிப்ரவரி 12

சுண்டெலிக்கு,

‘அன்புள்ள’வை நீயே சேர்த்துக்கொள் என்றாய். சேர்த்துக்கொண்டேன். அதைக்கூட நான்தான் செய்யவேண்டும் போலிருக்கிறது.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம், உன் மாமாவிடம்கூடக் காட்டவில்லை. தபால்காரர் கொடுத்தபோது கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போயிருப்பார்கள் என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால், இனிமேல்தான் சாகப்போகிறாய், அதற்கு முன்னேற்பாடு.

முதலில் ஒன்று. அப்பா விழவில்லை. நீ பின்கட்டில் விளையாடிக்கொண்டிருந்தாய், ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். ஃப்யூஸ் போன பல்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “கெட்டியாப் பிடி, உடைச்சிடாதே” என்றார். அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். பிறகு மேல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். களைப்பாக இருக்கும் என்று நினைத்து, பல்பை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் இறக்கினோம். ஒரு கீறல்கூடக் கிடையாது.

விழுந்தார் என்று அம்மா சொல்ல ஆரம்பித்தது என்னைப் பெண் பார்க்க வந்தபோது. நெஞ்சுவலிக் குடும்பம் என்றால் எவன் கட்டுவான்? மாமா வீட்டாரும் உச்சுக்கொட்டிவிட்டு நாள் குறித்துவிட்டார்கள். உன் கல்யாணத்துக்கும் அதையே சொன்னோம். நல்ல பொய்தான், நன்றாக உழைத்த பொய். நம் இரண்டு பேரையும் கரையேற்றியது. அதனால் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எவனாவது போன் செய்தால் விழுந்தார் என்றே சொல்லித் தொலைக்கிறேன். ஏணியின் உயரத்தையும் கேட்டால் அதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன்.

ஆனால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார் என்று எழுதினாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாத்திரை போடுகிறாயா? இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் அது இல்லை. நீ செத்தால் என்ன வரும் என்பதில் இருக்கிற அக்கறை, சாகாமல் இருப்பதில் இருக்கிறதா?

கேக் விஷயம் கிளற வேண்டாம் என்று நீயே கிளறியிருக்கிறாய். நான் சொன்னது தப்பான இடம், தப்பான நேரம். ஆனால் பொய் இல்லை. வாண்டு அன்றைக்கு என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு “அத்தை, அப்பா ஏன் கத்துறாரு?” என்று கேட்டது. உயரமாகிவிட்டாளா?

இங்கே எல்லாம் வழக்கம்போல்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னை இஸ்திரிப் பகுதிக்கு மேற்பார்வை ஆக்கியிருக்கிறார்கள். மேற்பார்வை என்றால் முன்பு போலவே விரிப்பு தேய்க்கலாம், கூடவே மற்றவர்களிடம் ஏச்சும் வாங்கலாம். கொஞ்ச நாளாகத் தாடை வலிக்கிறது. விரிப்புக் கட்டைத் தூக்கினால் வலிக்கும், இறக்கி வைத்தால் நின்றுவிடும். பல் டாக்டரிடம் போனேன். நாற்காலியில் சாய்த்துக் குடைந்து பார்த்துவிட்டு, “பல்லுல ஒண்ணுமில்லம்மா, நீங்க இதய டாக்டரைப் பாருங்க” என்கிறார். பல்லைக் காட்டப் போனவளை நெஞ்சைக் காட்டச் சொல்கிறார்! இதய டாக்டரையும் பார்த்தேன். ரத்தக்குழாயில் சாயம் விட்டுப் படம் எடுக்க வேண்டுமாம், தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மாத்திரை போடுகிறாயா இல்லையா, அதை எழுது.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

என்ன பரிசோதனை? என்ன தேதி? போகாதே.

கோபப்படாமல் முழுக்கப் படி. விண்ணப்பத்தில் அப்பாவைப் பற்றிய கேள்விக்கு அடுத்த கேள்வியே இதுதான்: உடன்பிறந்தவர்களில் யாருக்காவது அறுபது வயதுக்கு முன் இதயநோய் உண்டா? ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதியபோது அது பொய்யில்லை. எனக்கு உடன்பிறந்தவள் நீ ஒருத்திதான், உனக்கு அறுபது ஆக இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறது. நீ அந்த மேசையில் போய்ப் படுத்து, அவர்கள் ஒரு அடைப்பைக் கண்டுபிடித்தால் அந்த ‘இல்லை’ செல்லாது. பாலிசி கைக்கு வருவதற்குள் எது மாறினாலும் சொல்ல வேண்டும் என்று போட்டிருக்கிறது. அப்பாவும் அக்காவும் என் எண்ணும் ஒன்றாகச் சேர்ந்தால் என் கோப்பைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார்கள். ஏஜென்ட் அப்படித்தான் சொல்கிறார். நல்ல மனுஷன், கொஞ்சம் சென்ட் வாடை அதிகம்.

கொஞ்ச நாள்தான் அக்கா. என் ரத்தம் எடுக்க நர்ஸ் வரவேண்டும், பிறகு அவர்கள் கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் போ, நானே கூட்டிக்கொண்டு போகிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அதுவரைக்கும் கட்டுகளைத் தூக்காதே. கீழே இருப்பவர்களை ஏவு, மேற்பார்வை என்றால் அதுதான். தாடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன்னிடம் எதைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வேறு ஒருவன் தன் அக்காவுக்கு இப்படி எழுதியிருந்தால் அவன் மூஞ்சியில் காறித் துப்பியிருப்பேன். ஆனாலும் தபாலில் போடத்தான் போகிறேன். ராத்திரி இவளும் வாண்டும் ஒரே போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குவதைப் பார்த்துக்கொண்டு விழித்தே கிடக்கிறேன். உன் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள்.

தம்பி

மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். எண் இறங்கிக்கொண்டு வருகிறது, கவலைப்படாதே.


மார்ச் 1

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பரிசோதனைக்கு நான் போகவில்லை. போதுமா?

உன் தாளில் நான் ஒரு கேள்வியாக இருக்கிறேன் என்று இதுவரை எனக்குத் தெரியாது. மூன்று வருஷமாக உன் வீட்டில் என் பேரையே எடுக்கவில்லை. அங்கேயாவது எனக்கு ஒரு இடம் இருக்கிறதே, சந்தோஷம்.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், மடியில் வைத்து எழுதுகிறேன். கட்டுகளைத் தூக்கவில்லை. வேலைக்கே போகவில்லை, லீவு போட்டிருக்கிறேன். மாமா சமைக்கிறார். சாப்பிட்டு உயிரோடு இருந்தால் பெரிய விஷயம்.

உன் காரியம் முடிந்ததும் உடனே ஒரு வரி எழுது. தள்ளிப்போடாதே. அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்கா,

பார், இந்த முறை அடிக்கவில்லை.

நர்ஸ் வந்து ரத்தம் எடுத்துப்போனார். எண் அழகாக இறங்கியிருக்கிறது! ஏஜென்ட் பணிமனைக்கே வந்து கையைக் குலுக்கினார். “சார், உங்க ரிப்போர்ட்டை ஃபிரேம் போட்டு மாட்டலாம்” என்றார். இந்த மாதக் கடைசிக்குள் பாலிசி வந்துவிடுமாம். பிறந்தநாளுக்கு முன்னால்! கேட்டதும் பணிமனைக் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தால் கூட வேலை செய்கிறவன் வயிறு சரியில்லையா என்று கேட்கிறான்.

இனிமேல் உன்னிடம் சொல்வதில் தப்பொன்றும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ரத்தம் எடுக்கிற நாள்வரை மட்டும் போட்டேன். நர்ஸ் வாசல் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். தொடர்ந்து மருந்து எடுக்கிறீர்களா என்ற கேள்விக்கும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருக்கிறேன். தினமும் மாத்திரை போடுகிறவன் அவர்கள் கணக்கில் நோயாளி, போடாதவன் ஆரோக்கியமானவன். ஏஜென்ட் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, சிரித்தார். மருந்துக்கடையில்கூட என் பேரில் வாங்கவில்லை. பாலிசி வந்த பிறகும் கொஞ்ச காலம் தொடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். இவளிடம் தினமும் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மாத்திரை அட்டையிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்து வாஷ்பேசினில் போடுகிறேன்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. லிஃப்ட் குழியிலிருந்து இரும்பு ஏணியில் ஏறிவரும்போது கொஞ்சம் இளைக்கிறது, இடது தோளில் ஒரு இறுக்கம். வயசாகிறது, வேறென்ன.

உன் தாடை எப்படி இருக்கிறது? இன்னும் கொஞ்சம் பொறு. முடியப்போகிறது.

தம்பி


மார்ச் 19

தம்பி,

இதை நின்றுகொண்டு படிக்காதே. எங்காவது உட்கார்.

போன கடிதத்தில் பரிசோதனைக்குப் போகவில்லை என்று எழுதினேன். அதை எழுதியதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டுதான். உன் கடிதம் வந்த மறுநாள் அவர்கள் கொடுத்த தேதியைத் தள்ளி வைத்துவிட்டேன். நீ கெஞ்சினாய், எனக்கு மனசு கேட்கவில்லை. தள்ளி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். நீராவி இஸ்திரி முன்னால் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே மடங்கி விழுந்தேன். அங்கே இருந்த பெண்கள் என்னை அழுக்குத் துணி தள்ளுகிற வண்டியில் போட்டு, நடையைக் கடந்து அவசரப் பிரிவுக்கு ஓட்டிக்கொண்டு போனார்களாம். நான் தேய்த்த விரிப்பிலேயே என்னைப் படுக்க வைத்தார்கள். மடிப்பு சரியில்லை என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், இரண்டு இடத்தில். பிழைத்துக்கொண்டேன். மாமா எனக்குத் தெரியாமல் அழுகிறார், சத்தம் மட்டும் கேட்கிறது.

உனக்குச் சொல்லவில்லை. தெரியாத வரைக்கும் உன் ‘இல்லை’ பொய்யாகாது என்று கணக்குப் போட்டேன். உன் பாலிசி வரட்டும், பிறகு சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்து என் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணோரத்தில் இருக்கிற மஞ்சள் தடிப்பைத் தொட்டு, “இது உங்க வீட்ல வேற யாருக்கு இருக்கு?” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “அப்பாவுக்கு இருந்துச்சு டாக்டர், தம்பிக்கும் இருக்கு. பொன் மறு. எங்க குடும்பத்து ராசி” என்றேன். அம்மா நமக்கு அங்கேதானே முத்தம் கொடுப்பாள். டாக்டரம்மா என் கண்ணோரத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு, “அது கொழுப்பும்மா” என்றார். ரத்தத்தில் தேங்க இடமில்லாமல் தோலுக்கடியில் வந்து ஒதுங்குகிறதாம். சாப்பாட்டால் வருவதில்லை, பிறக்கும்போதே கூட வருவது. பெற்றவர்களிடமிருந்து பாதிப் பிள்ளைகளுக்கு வரலாமாம். இத்தனை வருஷம் அதைக் கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

போகும்போது ஒரு கடிதம் கொடுத்தார். அவர் கையெழுத்துப் போட்டது, உடன்பிறந்தவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கொடுத்தால் உன் பாலிசி போகும். கொடுக்காவிட்டால்... ஆனால் நீதான் மாத்திரை போடுகிறாயே, எண் இறங்குகிறதே, கொஞ்ச நாள் தாமதித்தால் ஒன்றும் கெட்டுவிடாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நேற்று உன் கடிதம் வந்தது. வாஷ்பேசினில் போடுகிறாயாம். ஏணி ஏறினால் தோள் இறுகுகிறதாம், வயசாகிறதாம்! அடப்பாவி. எனக்குத் தாடையில் வந்தது உனக்குத் தோளில் வந்திருக்கிறது. அடுத்தது ஏணியின் மேல்படிதான்.

என்னால் முடியவில்லை. நான் ஒரு தடவை ஏணியைப் பிடித்துக்கொண்டு பல்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவள். டாக்டரம்மாவின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இனி உனக்குத் தெரியாது என்று நீ சொல்ல முடியாது. உன் பாலிசிக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் அனுப்புகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, மாத்திரையைப் போட்டுவிட்டுத் திட்டு.

அக்கா


மார்ச் 24

நாலே நாள். வெள்ளிக்கிழமை பாலிசி வந்திருக்கும். நாலு நாள் உன்னால் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்குக் கேக் வெட்டும்போதும் இப்படித்தான். உனக்கு உண்மை தொண்டையில் வந்து நின்றுவிட்டால் அடுத்தவன் குடி கெட்டாலும் துப்பிவிட வேண்டும். துப்பிவிட்டாய். நிம்மதியாக இரு.

நான் உயிரோடு இருப்பது பெரிதில்லை அக்கா. அப்பாவும் உயிரோடு இருக்கத்தான் ஆசைப்பட்டிருப்பார். நான் இல்லாத மறுநாள் இவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். அதை உறையில் போட்டு அனுப்பி அழித்துவிட்டாய்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்க வரவில்லை. இனி எழுதாதே.


ஏப்ரல் 9

தம்பி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். எப்போது நீ சொன்னதைக் கேட்டிருக்கிறேன்?

தபால் நின்ற நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாமா உன் பணிமனைக்குப் போன் செய்து, நீ வேலைக்கு வருகிறாய் என்று மட்டும் விசாரித்துச் சொன்னார். அதுவரைக்கும் என் உயிர் என் கையில் இல்லை.

நான் செய்தது சரி என்று இங்கே உட்கார்ந்து சொல்லிக்கொள்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் இப்படி வைத்துக்கொள்வோம். என்னிடமிருந்து உனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. தபாலில் தொலைந்துவிட்டது. யார் கேட்டாலும் அனுப்பவில்லை என்று நான் சொல்கிறேன். எனக்கு நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன். அப்பா மொட்டை மாடியிலிருந்து விழுந்தார் என்றுகூடச் சொல்கிறேன். நீ உன் பாலிசியை வாங்கிக்கொள். எந்தப் பொய் வேண்டுமோ கேள், தருகிறேன்.

மாத்திரையை மட்டும் போடு. யார் பேரிலாவது வாங்கிப் போடு. என் பேரில் வாங்கி அனுப்பட்டுமா?

அக்கா


மே 17

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? மார்ச் மாதமே கேட்டிருக்க வேண்டியது. அந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போட்டிருந்தால் நல்லது. படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? மாமா சமையல் தேறியதா?

நடந்ததைச் சொல்கிறேன். டாக்டரம்மாவின் கடிதத்தை நான் அன்றைக்கு முழுக்கப் படிக்கவில்லை. முதல் இரண்டு வரி பார்த்ததும் ரத்தம் கொதித்தது, மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன். அந்தக் கோபத்தில்தான் உனக்கு எழுதினேன். மறுநாள் ஏஜென்ட்டைத் தேநீர்க் கடைக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அவர் அசரவே இல்லை. “நீங்க இன்னும் பிரிக்கலைன்னு வச்சுக்குவோம் சார்” என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. “எதுக்கும் என்ன எழுதியிருக்குன்னு படிங்க, கிழிக்கிறதா வேண்டாமான்னு பார்ப்போம்” என்றார். படித்தேன். உடன்பிறந்தவர்கள் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதற்கடுத்து, அவர்களுடைய பிள்ளைகளும் என்று இருந்தது.

அந்த வரியை அவரிடம் காட்டித் தாளை மேசைமேல் வைத்தேன். ஏஜென்ட் அதைப் படித்துவிட்டு டம்ளரைச் சுழற்றினார். பிறகு, “சார், பாப்பா விஷயம் தனி. பாலிசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல” என்றார். அந்த ஆளைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்த உலகத்தில் சம்பந்தமில்லைதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் இவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வாஷ்பேசின் வரைக்கும். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வாண்டுக்குத் தலை பின்னிவிட்டு, செருப்பை மாட்டச் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். ரத்தம் எடுக்கிற இடத்தில் வாண்டு கையை நீட்டிவிட்டு ஊசியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் என்னப்பா பண்ணேன்?” என்று கேட்டாள்.

அவளுக்கும் இருக்கிறது அக்கா.

எண்ணைப் படித்ததும் இவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாருக்காகப் பாலிசி, பாலிசி என்று அலைந்தேனோ அந்தக் குழந்தைக்கு நான் விட்டுப்போகிற சொத்து இதுதான், உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டேன். நீ அந்த உறையை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அனுப்பியிருந்தால் நான் பிரித்திருக்க மாட்டேன். பாலிசி கைக்கு வந்த பிறகு தெரிந்துகொள்வதால் தொந்தரவுதான் என்று சொல்லி எரித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

குழந்தைகள் டாக்டர் நிதானமானவர். “ஒன்பது வயசுலயே தெரிஞ்சது நல்லதுங்க. ஒழுங்கா மருந்து எடுத்தா தாத்தா மாதிரி ஆகணும்னு ஒண்ணுமில்ல” என்றார். தாத்தாவைப் பற்றி அவருக்கு உள்ளதைத்தான் சொல்லியிருந்தேன்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். அப்பாவின் நெஞ்சு, உன் ஸ்டென்ட், என் மாத்திரை எல்லாம். பதில் வந்தது. ஒத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் விடாமல் சிகிச்சை எடுத்து, எண் கட்டுக்குள் இருந்தால் மறுபடி வரச்சொல்கிறார்கள். பிரீமியம் கூடும், அப்போதும் ‘பரிசீலிப்போம்’ என்றுதான் இருக்கிறது. ஏஜென்ட் போன் செய்து, “முதல்லயே மருந்து எடுக்கிறவர்னு எழுதியிருந்தாக்கூட ஒருவேளை கிடைச்சிருக்கும் சார்” என்கிறார்! தினமும் மாத்திரை போட்டுக் கட்டுக்குள் வைத்திருப்பவனை எடுத்துக்கொள்வார்களாம், போடாமல் விட்டவனைக் கண்டால்தான் பயமாம். சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, இவள் வந்து போனை வாங்கி வைத்துவிட்டாள்.

போன வாரம் என் பிறந்தநாள். அப்பா வயதுக்குள் கால் வைத்துவிட்டேன், கையில் ஒரு தாளும் இல்லாமல். தோள் இறுக்கத்துக்காக என் ரத்தக்குழாயையும் படம் எடுத்தார்கள். ஒரு அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு மருந்தே போதும் என்கிறார்கள். குழியில் இறங்க வேண்டாம் என்று மேலே மோட்டார் அறையில் மின்பலகை பார்க்கிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். வீடு இன்னும் கம்பெனி வீடுதான். இவள் வேலை தேடுகிறாள். எனக்கு ஏதாவது ஆனால் என்ன என்ற கேள்விக்கு இந்த ஒரு வருஷத்துக்கு என்னிடம் பதிலே இல்லை. ஆகக் கூடாது, அவ்வளவுதான். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. நீ சலவைக்கூடத்துக்குத் திரும்பப் போவதற்கு முன்னால் இங்கே வந்து கொஞ்ச நாள் இரு. படி ஏறாதே என்று சொன்னவன்தான் கூப்பிடுகிறேன். அவளும் அண்ணி எப்போது வருவார்கள் என்று கேட்கிறாள்.

வாண்டு மாத்திரையை விழுங்க மாட்டேன் என்று ஒரு வாரம் அழுதாள். தேனில் நசுக்கிக் கொடுத்தோம், துப்பினாள். கடைசியில் என்னைக் காட்டி, “அப்பா போட்டாத்தான் நான் போடுவேன்” என்றாள். காலையில் பள்ளிக்கூடச் சீருடையில் வந்து எதிரே உட்காருகிறாள். முதலில் நான் போடவேண்டும். தண்ணீர் குடித்துவிட்டேன் என்றால் நம்புவதில்லை. “ஆ காட்டு. நாக்கைத் தூக்கு. அந்தப் பக்கம்” என்று டம்ளரைப் பிடித்தபடி எட்டி எட்டிப் பார்க்கிறாள். நான் வாயைத் திறந்து காட்டுகிறேன். அவள் பார்த்து முடிக்கும்வரை மூடுவதில்லை.

தம்பி